கோதுமைத் துறைமுகம்: தாகன்ரோக் நகரின் வரலாறும் குணவியல்பும்

1

அன்ரன் செக்கோவின் சிறுகதைகளைப் படிப்போர் ஒரே நகரத்தை மீண்டும் மீண்டும் சந்திக்கின்றனர். பெரும்பாலும் அதற்குப் பெயர் இருப்பதில்லை. மழைக்காலத்தில் சேறும் கோடையில் புழுதியும் நிறைந்த தெருக்கள், சீட்டாட்டத்திலும் இரவு விருந்திலும் காலங்கழிக்கும் உத்தியோகத்தர், கணக்குப் புத்தகத்தையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் தவிர வேறெதனையும் தொடாத வணிகர், எங்கேனும் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எங்கும் போகாத இளைஞர்: இவைதாம் அந்நகரத்தின் அடையாளங்கள்.

இந்நகரத்தை விளக்க முற்பட்ட விமர்சகர்கள் பொதுவாக இரு வழிகளுள் ஒன்றைக் கைக்கொண்டுள்ளனர். ஒரு சாரார், செக்கோவ் காட்டுவது மனித வாழ்வின் நிரந்தரமான சலிப்பு என்றும், அதற்குக் காலமும் இடமும் இல்லை என்றும் கூறுவர். மற்றொரு சாரார், முற்போக்கு நோக்கு உடையோர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோர், செக்கோவை நலிந்துவரும் வர்க்கங்களின் அந்திமக்காலப் பாடகர் என முத்திரையிட்டு அத்துடன் அமைந்துவிடுவர். முன்னையது வரலாற்றை மறுக்கிறது. பின்னையது வரலாற்றின் பெயரைச் சொல்லி அதனை ஆராயாது விடுகிறது. இரண்டும் நகரத்தைப் பாராமலே அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

சலிப்புக்கும் வரலாறு உண்டு. ஒரு நகரம் எதனை உற்பத்தி செய்தது, எதனை வாங்கி விற்றது, அதனாற் பெற்ற இலாபம் எங்குச் சென்றது என்பவற்றை அறியாது அந்நகர மக்களின் மனநிலையை விளக்க முடியாது. செக்கோவ் பிறந்து, 19 வயது வரை வாழ்ந்த தாகன்ரோக் நகரின் வரலாற்றை இக்கட்டுரை அந்நோக்கிலேயே அணுகுகிறது. அவரது கதைகளில் வரும் நகரம் தாகன்ரோக்கின் நேர்ப்பிரதி என்பது நமது வாதமன்று. அக்கதைகளிற் காணப்படும் வாழ்க்கை முறை எத்தகைய பொருளாதார உறவுகளின் விளைநிலத்திலே தோன்றியது என்பதே நமது வினா.

2

தாகன்ரோக் அசோவ் கடலின் வடகிழக்குக் கோடியிலே, கடலினுட் புகுந்து நிற்கும் ஒரு முனையில் அமைந்தது. ஐரோப்பிய வணிக நகரங்கள் பல, சந்தைகளும் கைவினைஞர் குழுக்களும் கூடிப் படிப்படியாக வளர்ந்தவை. தாகன்ரோக் அவ்வாறு வளர்ந்ததன்று. அரச ஆணை ஒன்றினாற் பிறந்த நகரம் அது. 1696 இல் துருக்கியரிடமிருந்து அசோவ் கோட்டையைக் கைப்பற்றிய முதலாம் பீற்றர், 1698 இல் இம்முனையிலே ஒரு கடற்படைத் தளத்தை நிறுவினான். கட்டாய உழைப்பினால் எழுப்பப்பட்ட அத்தளம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1711 இல் புரூத் நதிக்கரையில் அடைந்த தோல்வியை அடுத்து ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ருஷ்யா அதனை இடித்துத் தள்ள நேர்ந்தது. 1769 இல் மீண்டும் கைப்பற்றப்பட்ட இவ்விடம், 1774 ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின்னரே ருஷ்யாவுக்கு உறுதியாயிற்று. 1783 இல் கிரிமியா இணைக்கப்பட்டதும் கடற்படை செவஸ்தப்போலுக்குச் சென்றது. படைத்தளமாகத் தோன்றிய தாகன்ரோக், வணிகத் துறைமுகமாக உயிர் பிழைத்தது.

வணிகத்தைக் கொண்டு நடத்தியவர் யாவர் என்பது அடுத்து எழும் வினா. துருக்கியருக்கு எதிரான போரில் ருஷ்யாவின் பக்கம் நின்ற கிரேக்கரை இரண்டாம் கதரின் தென்பகுதியிலே குடியேற அழைத்தாள். ஏஜியன் தீவுகளிலிருந்தும் பின்னர் அயோனியத் தீவுகளிலிருந்தும் வந்த கிரேக்கர்கள் தாகன்ரோக்கின் வணிகத்தைத் தம் கையகப்படுத்தினர். மத்தியதரைக்கடலெங்கும் உறவினர் பரந்திருந்தமை அவர்களது பெருமூலதனமாயிற்று. 1802 இல் நகரும் அதன் சுற்றுப்புறமும் தனி நகர ஆளுநரின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. மாகாணத் தலைநகர் எதற்கும் கட்டுப்படாது தலைநகருடன் நேரடித் தொடர்பு கொண்ட இந்நிலை, சிறு நகரொன்றுக்குப் பெருநகரின் தோரணையை அளித்தது. 1825 இல் முதலாம் அலெக்சாந்தர் மன்னன் இறந்தது இந்நகரிலேயே. அம்மரணத்தை அடுத்தே டிசெம்பர்வாதிகளின் கிளர்ச்சி தலைநகரில் வெடித்தது.

3

தாகன்ரோக்கின் செல்வத்துக்கு ஊற்றாக விளங்கியது கோதுமை. தொன் ஆற்றுப் பிரதேசத்திலும் உக்ரேனியப் புல்வெளியிலும் விளைந்த கடினவகைக் கோதுமை மாட்டு வண்டிகளில் பல நாட்பயணம் செய்து நகரை அடைந்தது. அங்கே கிட்டங்கிகளில் சேமிக்கப்பட்டுப் பின்னர் கப்பலேற்றப்பட்டது. அசோவ் கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மூட்டைகளைக் கூலியாட்கள் வத்தைகளில் ஏற்ற, அவ்வத்தைகள் கப்பலுக்குக் கொண்டு சென்றன. ஒவ்வொரு மூட்டையும் பலமுறை மனிதத் தோள்களின் மேல் ஏறி இறங்கியது. துறைமுகத்தை ஆழப்படுத்துவதிலும் பார்க்கக் கூலியாளின் உழைப்பு மலிவாக இருந்தவரை, இம்முறையை மாற்றவேண்டிய அவசியம் வணிகருக்கு ஏற்படவில்லை.

இக்கோதுமை இத்தாலியிலே மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது. நேப்பிள்ஸ் வட்டாரத்து மக்கரோனி உற்பத்தியாளர் தாகன்ரோக் என்ற பெயரையே கோதுமையின் பெயராக வழங்கினர். நகரை அறியாத ஊர்களிலும் அதன் பெயர் உணவு மேசைக்குச் சென்றது. 1846 இல் பிரித்தானியா தானியச் சட்டங்களை நீக்கியமை கருங்கடல், அசோவ் கடல் துறைமுகங்களுக்கு மேலும் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது. கிரிமியப் போரின்போது, 1855 இல், பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் தாகன்ரோக்கைக் குண்டுவீசித் தாக்கித் தானியக் களஞ்சியங்களுக்குத் தீயிட்டன. சமாதான காலத்தில் எக்கோதுமையை உண்டனரோ, அக்கோதுமையையே போர்க்காலத்தில் எரித்தனர். போர் முடிந்ததும் வணிகம் முன்னரிலும் வேகமாகத் தொடர்ந்தது.

இவ்வணிகத்தின் இயல்பை மாரி வல்லியானோ என்பவரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும். கெஃபலோனியாத் தீவிலிருந்து வந்த இவர் தாகன்ரோக்கிலிருந்து தானியத்தை அனுப்பினார். ஒரு சகோதரர் முதலில் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் பின்னர் மார்செய்யிலும், மற்றொரு சகோதரர் இலண்டனிலும் இருந்து கப்பலையும் கடனையும் விற்பனையையும் கவனித்தனர். கொள்வனவு முதல் இறுதி விற்பனை வரை சங்கிலி முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. சகோதரர் மூவரின் கொடையைக் கொண்டே ஏதென்ஸ் நகரில் கிரேக்கத் தேசிய நூலகத்துக்கென எழிலார்ந்த பளிங்குக் கட்டடம் எழுப்பப்பட்டது. இலண்டன் சகோதரரின் சிலை இன்றும் அதன் முன் நிற்கிறது. அக்கொடையின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆனால் அப்பளிங்கின் அடியிலே தொன் பிரதேசத்துக் குடியானவனின் வியர்வையும் துறைமுகக் கூலியாளின் தோள் வலியும் உறைந்து கிடக்கின்றன என்பதை வரலாற்று மாணவன் மறந்துவிடலாகாது.

‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வணிக மூலதனத்தின் வரலாற்றை ஆராயும் மார்க்ஸ், அது தனித்து மேலோங்கி நிற்பது சமூகத்தின் பொதுவான பொருளாதார வளர்ச்சிக்கு எதிர்விகிதத்திலேயே அமையும் என்பதை நிறுவியுள்ளார். இரு சந்தைகளுக்கு இடையே நின்று விலை வேறுபாட்டைக் கவரும் மூலதனம், உற்பத்தி முறையை மாற்றவேண்டிய தேவையற்றது. பழைய முறை அப்படியே இருப்பது அதற்கு வாய்ப்பானதுங்கூட. தாகன்ரோக் வணிகர் 1861 வரை பண்ணையடிமைகளின் உழைப்பினால் விளைந்த தானியத்தையும் வாங்கினர். அதன் பின்னர் கடனிலும் வரியிலும் சிக்கிய குடியானவனின் தானியத்தையும் வாங்கினர். அவர்களுக்கு மூட்டையின் நிறையே பொருட்டு. நகரம் ஒரு வாயிலாக இருந்தது. வாயிலினூடே செல்வம் சென்றது, தங்கவில்லை.

4

எனினும், சென்ற செல்வம் சிறிது சிந்தாமலும் இல்லை. பெருவணிகர் தெருவிலே கல்வீடுகள் எழுந்தன. அல்பெராக்கிக் குடும்பத்தின் மாளிகை தலைநகரக் கட்டடக்கலைஞரின் திட்டப்படி அமைந்தது. பின்னர் அது வணிகர் சங்கத்தின் மண்டபமாயிற்று. கிரேக்கத் துறவிமடம் ஒன்று கிரேக்கச் செல்வர் வர்வாக்கிஸின் பொருளுதவியால் நிறுவப்பட்டது. 1866 இல் புதிய நாடக அரங்கு திறக்கப்பட்டு, இத்தாலிய ஒப்பெராப் பாடல்கள் அங்கே ஒலித்தன. கப்பல்களின் மீள்பயணத்தில் மதுவும் ஒலிவெண்ணெயும் பழவகைகளும் வந்து இறங்கின.

இப்பளபளப்புக்குக் கீழே வேறொரு தாகன்ரோக் இருந்தது. அதன் பிரதிநிதியாக பாவெல் செக்கோவைக் கொள்ளலாம். அவருடைய தந்தை யெகோர், வொரொனேஸ் மாகாணத்துப் பண்ணையடிமை. 1841 இல் 3,500 ரூபிள் செலுத்தித் தம்மையும் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். மனித விடுதலையே ஒரு கொள்வனவாக நிகழ்ந்த இக்குடும்பத்தின் அடுத்த தலைமுறை கடைக்காரராயிற்று. தேயிலை, சீனி, கோப்பி, மண்ணெண்ணெய், கருவாடு, மருந்துச் சரக்குகள் என அனைத்தும் ஒரே கூரையின் கீழ் விற்ற பாவெலின் கடை இரவு நெடுநேரம் வரை திறந்திருந்தது. பிள்ளைகள் பாடசாலைப் புத்தகத்துடன் கடைமேசையில் இருந்து வியாபாரத்தையும் காவலையும் பார்த்தனர். பொழுது புலருமுன் தேவாலயத்திற் பாடவும் நிறுத்தப்பட்டனர்.

மூத்த மகன் அலெக்சாந்தர் பின்னாளில் எழுதிய நிகழ்ச்சியொன்று குறிப்பிடற்பாலது. எண்ணெய்ப் பீப்பாவில் எலியொன்று விழுந்து இறந்தது. பாவெல் அதை ஒளிக்கவுமில்லை, எண்ணெயைக் கொட்டவுமில்லை. மதகுருவை வரவழைத்து, வாடிக்கையாளர் முன்னிலையில் சடங்கு செய்வித்து எண்ணெயைப் புனிதமாக்கினார். அதன் பின்னர் அவ்வெண்ணெயை வாங்க எவரும் வரவில்லை என்பது கதையின் முடிவு. இதனைத் தனிமனிதர் ஒருவரின் அறியாமையாகக் கொண்டு நகைத்துவிடலாம். ஆயினும் வணிக நேர்மையைச் சட்டத்தாலும் நம்பகத்தாலும் அன்றிச் சடங்கினால் நிலைநாட்ட முயலும் மனப்பான்மை, பண்ணையடிமை முறையிலிருந்து நேராகக் கடைமேசைக்கு வந்த ஒரு வர்க்கப் பகுதியின் மனப்பான்மை ஆகும். மேலோருக்குப் பணிவு, கீழோருக்குப் பிரம்பு, கடவுளுக்கு மெழுகுதிரி என்பதே அதன் ஒழுக்கநெறி. தம்முள் இருந்த அடிமையைத் துளித்துளியாகப் பிழிந்தெடுக்க நேர்ந்ததைப் பற்றி அன்ரன் செக்கோவ் 1889 ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் குறிப்பிட்டது இதனையே.

சிறுவணிகரின் கனவும் பெருவணிகரின் நிழலிலேயே வளர்ந்தது. 1867 இல் பாவெல் தம் மைந்தர் இருவரைக் கிரேக்கத் திருச்சபைப் பள்ளியிற் சேர்த்தார். கிரேக்கம் பேசத் தெரிந்தால் கிரேக்க வணிக நிலையமொன்றில் இலிகிதராகலாம் என்பது அவர் எண்ணம். ஓராண்டு வீணாயிற்று, பிள்ளைகள் எதனையும் கற்கவில்லை. அன்ரன் பின்னர் சேர்ந்த அரசாங்க உயர்பள்ளியில் வேறொரு கிரேக்கம் காத்திருந்தது. 1871 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், இளைஞரைச் சமகாலச் சிந்தனைகளிலிருந்து விலக்கி வைக்கும் நோக்குடன் பண்டைய கிரேக்கத்தையும் இலத்தீனையும் முதன்மைப்படுத்தியது. அதே கிரேக்கத்தில் தவறி அன்ரன் ஒரு வகுப்பில் இரண்டாம் முறையும் இருக்க நேர்ந்தது. ஆக, ஒரு கிரேக்கம் வணிக மூலதனத்தின் மொழி. மற்றொன்று எதேச்சாதிகார அரசின் ஒழுங்குக் கருவி. ‘உறைக்குள் வாழ்ந்த மனிதன்’ (1898) கதையில் நகரம் முழுவதையும் அச்சத்தில் ஆழ்த்தும் ஆசிரியர் பெலிக்கோவ் கிரேக்கமொழி கற்பிப்பவராக அமைந்தமை தற்செயலானதன்று.

5

தாகன்ரோக்கின் வீழ்ச்சி முன்னேற்றத்தின் வடிவிலேயே வந்தது. 1869 இல் புகையிரதப் பாதை நகரை அடைந்து, ரொஸ்தொவ் வரை நீண்டது. நகரத்தார் பெருவாழ்வை எதிர்பார்த்தனர். ஆனால் புகையிரதம் தானியத்தை ஆற்றுத்துறையும் பாதைச் சந்தியும் ஒருங்கே அமைந்த ரொஸ்தொவுக்கு எளிதிற் கொண்டு சென்றது. ஆழமற்ற கடல் முன்னரே இருந்த குறைபாடு. மாற்று வழி தோன்றியதும் அது மரண நோயாயிற்று. மாட்டு வண்டிகள் மறையவே, கோதுமையை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்காரரை நம்பிய சில்லறைக் கடைகள் வாடின. 1876 இல் பாவெல் செக்கோவ் வங்குறோத்து அடைந்தார். கடன்காரருக்கு அஞ்சி மொஸ்கோவுக்கு மறைந்து சென்றார். குடும்பமும் பின்தொடர, 16 வயது அன்ரன், கைமாறிய வீட்டிலே தனித்திருந்து, பிற பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி 1879 வரை கல்வியைத் தொடர்ந்தான்.

பெருவணிகத்தின் முகமூடியும் விரைவிற் கழன்றது. 1880களின் நடுப்பகுதியில் வல்லியானோவும் சுங்க உத்தியோகத்தரும் வரிமோசடிக் குற்றச்சாட்டில் நீதிமன்றம் ஏறினர். 1888 இன் தொடக்கத்தில் தனி ஆளுநர் அந்தஸ்தும் நீங்கி, நகரம் தொன் கொசாக் பிரதேசத்துடன் இணைக்கப்பட்டது. தோரணை எஞ்சியது, ஆதாரம் போய்விட்டது.

‘என் வாழ்க்கை’ (1896) என்ற குறுநாவலில் வரும் விவரமொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. புகையிரதப் பாதையை நகரருகே கொண்டுவரப் பொறியியலாளர் 50,000 ரூபிள் இலஞ்சம் கேட்கின்றனர். நகரசபை 40,000 மட்டுமே தர முன்வருகிறது. பேரம் முறிய, நிலையம் நகரிலிருந்து தூரத்தே அமைகிறது; அதற்குத் தெருப்போட அதனிலும் கூடிய பணம் தேவையாகிறது. இங்கு செக்கோவ் இலஞ்சத்தை மட்டும் கண்டிக்கவில்லை. பேரம் பேசும் பழக்கம் ஒன்றைத் தவிர வேறு பொதுவாழ்வு அறியாத ஒரு சமூகம், தன் எதிர்காலத்தையும் பேரத்திலேயே இழந்துவிடுவதைக் காட்டுகிறார்.

1887 வசந்தத்தில் பிறந்த நகருக்குச் சென்ற அவர் எழுதிய கடிதங்களும் இதனையே கூறுகின்றன. 60,000 மக்கள் உண்பதும் குடிப்பதும் பிள்ளை பெறுவதும் தவிர வேறு நாட்டமின்றி வாழ்வதையும், எந்த வீட்டிலும் பத்திரிகையோ நூலோ காணப்படாமையையும் கசப்புடன் குறிப்பிட்டார். மக்களிடம் இயல்பான திறமைகள் இருந்தும் அவை வீணாவதையும் அவர் கண்டார். திறமை உண்டு, அதற்குப் பணி இல்லை. வாயிலாக மட்டும் இருந்த நகரம், வழிப்போக்கு நின்றதும் தன்னிடம் சொந்தமாக எதுவுமில்லை என்பதைக் கண்டுகொண்டது. செக்கோவின் பாத்திரங்களைப் பீடித்த சலிப்பு இதுதான்.

6

ஒஸ்த்ரோவ்ஸ்கியின் நாடகங்களில் வரும் வணிகரோடு ஒப்பிட்டு நோக்கின் இவ்வேறுபாடு துலங்கும். அவ்வுலகை ‘இருண்ட இராச்சியம்’ என 1859 இல் வருணித்தார் தொப்ரொல்யூபொவ். அங்கே குடும்பத் தலைவன் கொடுங்கோலன். எனினும் தன் அதிகாரத்தில் ஐயமற்றவன். செக்கோவின் உலகில் வணிகன் அந்நிச்சயத்தை இழந்துவிட்டான். ‘புல்வெளி’ (1888) கதையிற் பெருமுதலாளி வர்லாமொவ் வணிகத்தின் பொருட்டு ஓயாது அலைகிறான். எல்லோரும் அவனைத் தேடுகின்றனர். அவ்வெளியிலேயே தீக்குச்சித் தொழிற்சாலை வேலையால் தாடையெலும்பு அழிந்த வாஸ்யா, குரலிழந்த பாடகன் யெமெல்யான் போன்ற வண்டிக்காரர் கம்பளிமூட்டைகளுடன் ஊர்கின்றனர். பரந்த நிலத்தின் அழகுக்கும் அதில் வாழும் மனிதரின் சிதைவுக்கும் இடையிலான முரண்பாடே அக்கதையின் உயிர்நாடி. ‘செர்ரித் தோட்டம்’ (1904) நாடகத்தில், பண்ணையடிமைகளின் வழிவந்த லொப்பாகின் தன் மூதாதையர் சமையலறைக்குள்ளும் நுழைய முடியாதிருந்த பண்ணையையே விலைக்கு வாங்குகிறான். யெகோர் செக்கோவ் விடுதலையை வாங்கியதன் வரலாற்றுத் தொடர்ச்சி இது. ஆயினும் வாங்கியவன் மகிழ்ச்சியுடன் அழவும் செய்கிறான். வெற்றி பெற்ற வர்க்கத்தின் வெறுமையை அதன் வெற்றிக் கணத்திலேயே கண்டது செக்கோவின் தனிச்சிறப்பு.

பொருளாதார அடித்தளத்திலிருந்து இலக்கியம் இயந்திரகதியில் விளைவதாகக் கூறின் அது தவறாகும். அதே கடைமேசை, அதே பிரம்பு, அதே நகரம் எத்தனையோ பேரை உருவாக்கின, செக்கோவ் ஒருவரே. வாயிலாக இருந்த நகரினூடே கோதுமை மட்டும் செல்லவில்லை. நாடகக் குழுக்களும் அந்நிய மொழிகளும் மாலுமிகளின் கதைகளும் வந்தன. மாணவப் பருவத்தில் நாடக அரங்கின் மலிவான இருக்கையிலிருந்து கண்டவை அவருக்கு வேறோர் உலகைக் காட்டின. ஒரு சமூகத்தின் முரண்பாடுகள் அதன் விமர்சகனையும் அச்சமூகத்தின் உள்ளிருந்தே தோற்றுவிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

செக்கோவ் நம்பிக்கையற்றவர் என்போர், அவர் அந்நகருக்குச் செய்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. 1890களில் தாகன்ரோக் நகர நூலகத்துக்குப் பெட்டி பெட்டியாக நூல்களை அனுப்பினார். தம் பெயர் வெளிவராதிருக்கவும் கேட்டுக்கொண்டார். நீஸ் நகரில் நோயுடன் தங்கியிருந்தபோது பிரெஞ்சு இலக்கியகர்த்தாக்களின் நூல்களை வாங்கி அனுப்பினார். கோதுமை வணிகத்தின் பெருஞ்செல்வம் ஏதென்ஸில் நூலகம் அமைத்தது. தாகன்ரோக்கின் நூலகத்தை வளர்த்தவர், அதே வணிகத்தின் ஓரத்தில் வங்குறோத்தான கடைக்காரரின் மகன். வணிக மூலதனத்தின் இயல்பை இதனிலும் தெளிவாகக் கூறும் சான்று வேறொன்று வேண்டியதில்லை.

7

1896 இல் பெல்ஜிய, பிரெஞ்சு மூலதனத்துடன் தாகன்ரோக்கில் உருக்குத் தொழிற்சாலை நிறுவும் முயற்சி தொடங்கியது. வாயில் நகரம் உற்பத்தி நகரமாக மாறத் தலைப்பட்டது. அத்துடன் துறைமுகக் கூலியாளுக்குப் பதிலாக ஒழுங்கமைந்த தொழிலாளர் வர்க்கமும் தோன்றியது. 1918 ஜனவரியில் ஆயுதமேந்தி எழுந்தோர் இவ்வாலைகளின் தொழிலாளரே. 1904 இல் மறைந்த செக்கோவின் எழுத்துலகில் இத்தொழிலாளி மையப் பாத்திரமாக இடம்பெறவில்லை. அப்பணி கோர்க்கியின் தலைமுறைக்கு உரியதாயிற்று. இதனைக் குறையெனக் கூறுவதிலும் பார்க்க எல்லையெனக் கூறுவதே பொருந்தும்.

மற்றோர் எல்லையும் உண்டு. அது நம்மோடு தொடர்புடையது. 1890 இல் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் செக்கோவ் கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் சென்றார். நூறு வெர்ஸ்ட்டுக்கு மேல் புகையிரதத்தில் பயணஞ்செய்து, இந்நாட்டைச் சொர்க்கம் எனப் புகழ்ந்து எழுதினார். அப்புகழுரையை நம்மவர் பெருமையுடன் எடுத்துக்கூறுவதுண்டு. தேயிலைப் பெட்டிகளை மலைநாட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவந்ததும் அப்புகையிரதமே. அத்தேயிலையைக் கொய்த கைகள் அக்கடிதத்தில் இல்லை. சொந்த நகரின் கோதுமை மூட்டைக்குப் பின்னால் இருந்த மனிதனைக் கண்ட கண், அயல்நாட்டுத் துறைமுகத்தில் சில நாட்களே தங்கிப் பனையையும் தென்னையையும் கண்டு மகிழ்ந்தது. கலைஞனின் பார்வை வானத்திலிருந்து இறங்குவதன்று. வாழ்ந்த உறவுகளிலிருந்து பிறப்பது என்பதையே இதுவும் உணர்த்துகிறது.

ஆகவே செக்கோவின் பெயரற்ற நகரத்தை எங்குமுள்ள நகரம் எனக் கூறி அமைவது போதாது. அது பிறர் விளைத்ததைப் பிறருக்கு அனுப்பி, இடையில் தனக்கென ஒரு வாழ்வை அமைக்கத் தவறிய நகரம். அதனை அவ்வாறு இனங்காணும்போதுதான், ஏற்றுமதித் துறைமுகங்களைச் சுற்றி உருவான ஏனைய சமூகங்களின் இலக்கியத்தோடும் அதனை ஒப்பிட்டாராயும் வழி திறக்கும். அவ்வாய்வு நமது மாணவர்களால் மேற்கொள்ளப்பட வேண்டிய ஒன்றாகும்.